எனர்ஜி ஜெல், ச்யூ: எதை வாங்குவது, எப்போது எடுப்பது?

மாரத்தான், நீண்டதூர சைக்கிள், டிரையத்லான் என்று தயாராகிறவர்கள் ஜெல் (பாக்கெட்டிலிருந்து பிழிந்து விழுங்கும் சர்க்கரைப் பசை) பற்றியும் ச்யூ (மென்று தின்னும் சர்க்கரை வில்லை) பற்றியும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. கடையில் முதலில் கண்ணில் படுவது பிராண்டும் சுவையும்தான். பந்தய நாளில் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் மூன்று எண்கள்: மணிக்கு எத்தனை கிராம் கார்போஹைட்ரேட் (இனி கார்ப்), அதில் எந்தச் சர்க்கரை எவ்வளவு, கூடவே எவ்வளவு தண்ணீர்.

எல்லா ஓட்டத்துக்கும் ஜெல் வேண்டுமா?

வேண்டாம். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிகிற எதற்கும் முந்தைய இரவு சாப்பிட்ட சோறே போதும். 5 கி.மீ., 10 கி.மீ. ஓட்டத்துக்கு இடுப்பில் ஜெல் கட்டிக்கொண்டு போவது வீண் செலவு.

அதற்கு மேல் போனால் கணக்கு மாறுகிறது. உடல் கார்ப்பை கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 80 முதல் 100 கிராம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,500 முதல் 2,400 கலோரி. ஓடுவதற்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்குத் தோராயமாக 1 கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் 42.2 கி.மீ. ஓடினால் சுமார் 2,740 கலோரி. இதில் ஒரு பங்கைக் கொழுப்பு தரும். ஆனால் வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுவிட்டு கிளைகோஜனையே அதிகம் எரிக்கும். 30 கி.மீ. தாண்டியதும் கால் ஈயமாய்க் கனத்து, தலை மந்தமாகி, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடக்கத் தொடங்குவது இதனால்தான். அந்த நிலை வந்த பிறகு ஜெல் எடுத்தால் பலன் மிகக் குறைவு. வருவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

மணிக்கு எத்தனை கிராம்?

ஒன்றேகால் மணி முதல் இரண்டரை மணி நேரம் வரை: மணிக்கு 30 முதல் 60 கிராம். இரண்டரை மணிக்கு மேல் நீண்டால், வயிறு பழகியிருந்தால், 60 முதல் 90 வரை. உயர்மட்ட சைக்கிள் வீரர்கள் சிலர் 120 கிராம் வரை போகிறார்கள். அது பல மாதப் பயிற்சியில் வந்த வயிறு. முதல் மாரத்தான் ஓடுகிறவர் 45 முதல் 50 கிராமை இலக்காக வைத்தால் நல்லது.

உடல் எடைக்கு ஏற்ப இதைக் கூட்டிக் குறைக்கத் தேவையில்லை. குடல் எவ்வளவு உறிஞ்சும் என்பதுதான் எல்லை. 50 கிலோ பெண்ணுக்கும் 80 கிலோ ஆணுக்கும் அது பெரிதாக மாறுவதில்லை.

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்கிறார்களே, இதையெல்லாம் ஏன் பார்க்க வேண்டும்?

குடல் சுவரில் சர்க்கரை உள்ளே போக இரண்டு வாசல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி வழியாகப் போகிறது. அந்த வாசல் மணிக்குச் சுமார் 60 கிராமோடு நிரம்பிவிடும். ஃபிரக்டோஸுக்கு குளுட்5 என்ற தனி வாசல். குளுக்கோஸ் மட்டும் உள்ள ஜெல்லை மணிக்கு 80 கிராம் எடுத்தால், மிஞ்சிய 20 கிராம் உள்ளே போக வழியில்லாமல் குடலிலேயே தேங்கும். தேங்கிய சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். வயிறு உப்புவது, கடமுடா என்று சத்தம், வழியில் கழிவறையைத் தேடுவது எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு சர்க்கரையும் கலந்து எடுத்தால் இரண்டு வாசலும் வேலை செய்து 90 கிராம் வரை போக முடிகிறது.

மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த சிறு சங்கிலி. குடலில் அது குளுக்கோஸாகவே உடைகிறது, ஆகவே கணக்கில் குளுக்கோஸ்தான். அவ்வளவு தித்திக்காது. அதே எடை குளுக்கோஸைவிடத் தண்ணீரைக் குறைவாக இழுக்கும். பெரும்பாலான ஜெல்களின் அடிப்படை இதுவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. நம் வீட்டுச் சர்க்கரையான சுக்ரோஸ் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ்.

மணிக்கு 60 கிராமுக்குள் எடுக்கிறவர் இந்த விகிதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் போகிறவர் பாக்கெட்டில் 2:1 அல்லது 1:0.8 என்று குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் விகிதம் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

லேபிளில் என்னென்ன பார்ப்பது?

முதலில் ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை கிராம் கார்ப் என்பதை. ஜெல் பாக்கெட்டின் எடையும் கார்ப்பும் ஒன்றல்ல. கூ ஜெல் பாக்கெட் 32 கிராம், கார்ப் 20 கிராமுக்குச் சற்று மேல். மௌர்ட்டன் ஜெல் 100 என்பது 40 கிராம், கார்ப் 25. பெயரில் உள்ள 100 கலோரியைக் குறிக்கிறது, கிராமை அல்ல. எஸ்ஐஎஸ் கோ ஐசோடோனிக் 60 மி.லி., அதில் கார்ப் 22 கிராம். அதே நிறுவனத்தின் பீட்டா ஃபியூவல் ஜெல்லும் 60 மி.லி.தான், அதில் கார்ப் 40 கிராம். அளவில் ஒரேமாதிரி இருக்கும் இரண்டு பாக்கெட்டுக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம்.

ச்யூவில் இன்னொரு குழப்பம் உண்டு. ஊட்டச்சத்துப் பட்டியல் ஒரு பாக்கெட்டுக்கு இல்லாமல் ஒரு பரிமாறலுக்கு இருக்கும். கிளிஃப் பிளாக்ஸ் பாக்கெட்டில் 6 வில்லைகள், ஒரு பரிமாறல் என்பது 3. மூன்று வில்லைக்கு 24 கிராம், ஒன்றுக்கு 8. பட்டியலை அவசரமாகப் பார்த்தவர் முழுப் பாக்கெட்டுக்கு 24 என்று நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் 48 கிராமைத் தின்றுவிடுவார்.

அடுத்து, பொருள்கள் எழுதப்பட்ட வரிசை. அதிகம் உள்ளது முதலில் வரும். "மால்டோடெக்ஸ்ட்ரின், தண்ணீர், ஃபிரக்டோஸ்" என்றால் சரி. மொத்த கார்ப் அதிகம், சர்க்கரை குறைவு என்று போட்டிருந்தால் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்று பொருள். கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் ஆகியவை குறைவாக இருக்க வேண்டும். இவை மூன்றும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அமினோ அமிலம் சேர்த்தது என்று பெரிய எழுத்தில் போட்டு விலை ஏற்றியிருந்தால், அந்தக் கூடுதல் பணத்துக்குப் பந்தயத்தில் பயன் எதுவும் கிடைக்காது.

ஜெல்லா, ச்யூவா?

ஓட்டத்துக்கு ஜெல், சைக்கிளுக்கு இரண்டும். பொதுவாக இதுவே சரியாக வரும்.

ஜெல் இரண்டு மூன்று வாயில் இறங்கிவிடும், மெல்ல வேண்டாம், வேகமாக மூச்சு வாங்கும்போதும் எடுக்கலாம். அதன் குறை பிசுபிசுப்பு. சிலருக்குத் தொண்டையைவிட்டு இறங்காத அந்தப் பசைத் தன்மையே குமட்டலைத் தரும்.

ச்யூ என்பது ஜெல்லி மிட்டாய் மாதிரியான வில்லை. பெரிய வசதி என்னவென்றால் அளவைப் பிரிக்கலாம்: ஒவ்வொரு 10 நிமிடத்துக்கு 8 கிராம் வில்லை ஒன்று என்றால் மணிக்கு 48 கிராம் கணக்காய் வந்துவிடும். ஒரேயடியாக 25 கிராம் விழுவது ஒத்துக்கொள்ளாத வயிறுகளுக்கு இது நல்ல வழி. ஆனால் மூச்சு இரைக்க இரைக்க ஓடும்போது மெல்வது கடினம், புரையேறவும் கூடும். வில்லையைக் கடைவாய்ப் பக்கம் கன்னத்தில் ஒதுக்கி, ஈரம் ஊறியதும் இரண்டு கடி கடித்து, ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குவதே பத்திரமான முறை. மேடு ஏறும்போது வாயில் போடாதீர்கள். பக்கத்தில் உள்ளவரோடு பேச முடிகிற வேகத்தில் இருக்கும்போது போடுங்கள்.

உடம்புக்குள் போன பிறகு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஜெல், ச்யூ, சர்க்கரை கரைத்த பானம் மூன்றும் அதே கிராமுக்கு ஏறக்குறைய அதே ஆற்றலைத்தான் தருகின்றன. ஆகவே கலந்தும் எடுக்கலாம். முதல் பாதியில் ச்யூ, மெல்லத் தெம்பில்லாத கடைசி பத்து கி.மீ.க்கு ஜெல் என்று பிரித்து வைத்துக்கொள்பவர்கள் பலர்.

தண்ணீர் எவ்வளவு? பந்தயத்தில் கொடுக்கும் எலக்ட்ரோலைட் பானத்தோடு (உப்பும் சர்க்கரையும் கலந்தது) எடுக்கலாமா?

சாதாரண ஜெல்லுக்கு அடுத்த பத்து நிமிடத்துக்குள் 200 முதல் 250 மி.லி. வெறும் தண்ணீர், அதாவது நீர் நிலையத்தில் தரும் கோப்பையில் இரண்டு.

கணக்கைப் பாருங்கள். 25 கிராம் கார்ப் உள்ள ஜெல்லோடு 250 மி.லி. தண்ணீர் போனால் வயிற்றில் இருப்பது சுமார் 9 சதவீதக் கரைசல். பழகிய வயிறு தாங்கும். அதே ஜெல்லோடு 6 சதவீதச் சர்க்கரை உள்ள விளையாட்டுப் பானத்தை 150 மி.லி. குடித்தால் சுமார் 34 கிராம் கார்ப் 175 மி.லி.க்குள் அடங்கி, கரைசல் 19 சதவீதத்தைத் தொடும். இது சர்பத் கெட்டி. குடல் இதை நீர்க்கச் செய்ய உடம்பிலிருந்தே தண்ணீரை எடுக்கும். ஏற்கெனவே வியர்த்து வற்றிய உடம்பில் இது நடப்பதுதான் ஆபத்து. பந்தயத்தில் வயிறு கெட்டவர்களில் பலர் ஜெல்லைக் குறை சொல்வார்கள். உண்மையில் கெடுத்தது ஜெல்லையும் இனிப்புப் பானத்தையும் சேர்த்து எடுத்த அந்த ஒரு நிலையம்.

ஜெல் என்றால் வெறும் தண்ணீர். பானம் குடிக்கும் நிலையத்தில் ஜெல் வேண்டாம். அந்தப் பானத்தில் உள்ள கார்ப்பையும் மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐசோடோனிக், ஹைட்ரோஜெல் இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

ஐசோடோனிக் ஜெல்லில் தண்ணீரை உள்ளேயே கலந்திருப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்காத பாதைக்கு உதவும். ஆனால் கனம் அதிகம். 60 மி.லி. பாக்கெட் எட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவது சுலபமல்ல.

ஹைட்ரோஜெல் என்பது ஆல்ஜினேட் போன்ற கடற்பாசிப் பொருளால் சர்க்கரையைக் கட்டி வைப்பது. அதே அளவு, அதே விகிதம் உள்ள சாதாரண கார்ப்போடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை வேகத்தில் தெளிவான லாபத்தைக் காட்டவில்லை. இருந்தாலும் கெட்டியான அல்வாத்துண்டு போல, பிசுபிசுக்காமல், அதிகம் தித்திக்காமல் இருப்பதால் சிலரால் இதை மட்டுமே கடைசிவரை சாப்பிட முடிகிறது. உங்களுக்கு அப்படியென்றால் அந்த விலை நியாயமே.

கஃபீன் உள்ள ஜெல் எடுக்கலாமா?

காபி ஒத்துக்கொள்கிறவர் எடுக்கலாம். நீண்டதூர விளையாட்டில் கஃபீன் உதவுவது நன்கு நிறுவப்பட்ட விஷயம். ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது கிலோ எடைக்கு 3 முதல் 6 மி.கி. ஆனால் அதற்குக் கீழேயும் பலன் உண்டு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. தாராளம். ஒரு ஜெல்லில் 20 மி.கி.யும் இருக்கலாம், 100 மி.கி.யும் இருக்கலாம். கஃபீன் உண்டு என்ற சொல்லோடு நிறுத்தாமல் எத்தனை மி.கி. என்று படியுங்கள். காலையில் குடித்த ஃபில்டர் காபியையும் கணக்கில் சேர்த்து, ஒரு நாளுக்கு 400 மி.கி.யைத் தாண்டாமல் இருங்கள்.

இரத்தத்தில் உச்சத்தை எட்ட 30 முதல் 60 நிமிடம் ஆகும். 32-ஆவது கி.மீ.யில் தெம்பு வேண்டுமென்றால் 25-இலேயே எடுக்க வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் தவிர்க்கட்டும். ஊக்கமருந்து விதிகளில் 2004 முதல் கஃபீன் தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் சோதனைக்கு உட்படும் அளவில் போட்டியிடுகிறவர் எந்த ஜெல் வாங்கினாலும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் போன்ற சோதனை முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும்.

ஜெல்லில் உப்பு இருக்கிறதே, தனியாக உப்பு வேண்டுமா?

சென்னை மாதிரி ஊரில் வேண்டும். பலருக்கு ஒரு லிட்டர் வியர்வையில் 400 முதல் 1,200 மி.கி. சோடியம் போகிறது. பல ஜெல்களில் இருப்பது 20 முதல் 150 மி.கி. மட்டுமே. ஜனவரி மாத விடியற்காலையில்கூடக் கடற்கரைப் பக்கம் ஈரப்பதம் விடாது, வியர்வை உலராமல் சொட்டும். ஓடி முடித்து உலர்ந்த கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறது என்றால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர்.

உப்பு மாத்திரையோ எலக்ட்ரோலைட் மாத்திரை கரைத்த தண்ணீரோ போதும். 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டில் சோடியம் சுமார் 1,700 மி.கி., குளுக்கோஸ் 13.5 கிராம். உப்பு நிறைய, சர்க்கரை கொஞ்சம். ஆகவே அது ஜெல்லுக்கு மாற்றல்ல, துணை. உப்பு எடுக்கிறோமே என்று தாகத்துக்கு மீறித் தண்ணீர் குடிப்பது அதைவிட மோசம். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஓட்டத்தின் முடிவில் தொடங்கியபோதைவிட எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

பயிற்சியில் ஒன்றும் ஆகவில்லை, பந்தயத்தில் மட்டும் வயிறு கலங்குகிறது. ஏன்?

பந்தய வேகத்தில் இரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடுகிறது, குடலுக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். மெதுவாக ஓடிய ஞாயிற்றுக்கிழமையில் ஒத்துக்கொண்ட அதே ஜெல் பந்தயத்தில் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். ஆகவே ஒத்திகையைப் பந்தய வேகத்தில் செய்ய வேண்டும். நீண்ட ஓட்டத்தின் கடைசி 8 முதல் 10 கி.மீ.யைப் பந்தய வேகத்தில் ஓடி, அதற்குள் இரண்டு ஜெல் எடுத்துப் பாருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. முந்தைய நாள் பொரியல், கீரை, சுண்டல் என்று நார்ச்சத்து நிறைய சாப்பிட்டது. காலையில் பால். பதற்றம். பந்தயத்துக்கு முன் நடக்கும் கண்காட்சிக் கடையில் இலவசமாகக் கொடுத்த புது ஜெல்லைப் பந்தயத்தில் பிரித்தது. இந்தக் கடைசித் தவறு எவ்வளவு சொன்னாலும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

வயிற்றைப் பழக்குவது எப்படி?

குடலும் பயிற்சிக்கு இணங்கும். தொடர்ந்து கார்ப் கொடுத்தால் வாசல்கள் பெருகும், வயிறு காலியாகும் வேகமும் கூடும். எட்டு வாரம் ஒதுக்குங்கள். வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டத்தில், முடிந்தால் வாரநடுவில் இன்னொருமுறை. முதல் இரண்டு வாரம் மணிக்கு 30 கிராம், அடுத்த இரண்டு வாரம் 40, பிறகு 50, கடைசியில் 60. ஏதாவது ஒரு படியில் வயிறு உப்பினால் அதே அளவில் இன்னொரு வாரம் இருங்கள், மேலே போகாதீர்கள். எல்லா ஓட்டத்துக்கும் விலைகூடிய ஜெல் தேவையில்லை, வீட்டுக் கரைசலே போதும். ஆனால் குறைந்தது மூன்று நீண்ட ஓட்டங்களாவது பந்தயத்துக்கு எடுத்துப்போகும் அதே பிராண்டு, அதே சுவையில் இருக்கட்டும்.

நாலரை மணி நேர மாரத்தானுக்கு ஓர் அட்டவணை சொல்ல முடியுமா?

25 கிராம் ஜெல், மணிக்கு 50 கிராம் என்று வைப்போம். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, கிளம்ப 10 நிமிடம் முன்னால் ஒன்று. பிறகு 30-ஆவது நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்கு ஒன்று வீதம் 4 மணி வரை எட்டு. மொத்தம் ஒன்பது, 225 கிராம். கஃபீன் ஜெல் வைத்திருந்தால் 2 மணியிலும் 3 மணியிலும்.

தொடங்க ஒரு மணி நேரம் முன்பு தனியாக ஒரு ஜெல் எடுப்பதைத் தவிருங்கள். இன்சுலின் ஏறி, சரியாகக் கிளம்பும் நேரத்தில் சிலருக்கு இரத்தச் சர்க்கரை இறங்கித் தலை கிறுகிறுக்கும். விடியற்காலை 4 மணிக்கே கிளம்பும் பந்தயம் என்றால் 2 மணி வாக்கில் இரண்டு இட்லியோ ஜாம் தடவிய ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, பிறகு தொடக்கக் கோட்டு ஜெல்லுக்குப் போவதே நல்லது.

கடிகாரத்தில் 30 நிமிட அலாரம் வையுங்கள். ஆனால் அலாரத்தைவிட நீர் நிலையம் முக்கியம். அலாரம் அடித்தும் நிலையம் இன்னும் 500 மீட்டர் தள்ளி இருந்தால் காத்திருங்கள். நிலையம் கண்ணில் பட்டதும் பாக்கெட்டைக் கிழித்து, 200 மீட்டருக்குள் பிழிந்து முடித்து, கோப்பையைக் கையில் வாங்குங்கள்.

வியர்த்த கையால் பாக்கெட்டைக் கிழிக்க முடியவில்லை.

30 கி.மீ.க்குப் பிறகு இது உண்மையான பிரச்சினை. விரல் வழுக்கும், பல்லால் கடித்தால் மூலை மட்டும் துணுக்காய்ப் பிய்ந்து, ஊசித்துளை வழியாக ஜெல் கையெல்லாம் வழியும். முதல் நாளே வீட்டில் ஒரு பாக்கெட்டைக் கிழித்துப் பார்த்து வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று பழகுங்கள். பெல்ட்டில் வைக்கும்போது எல்லா பாக்கெட்டின் தலையும் ஒரே பக்கம் இருக்கட்டும். கைக்குட்டையின் காய்ந்த மூலையால் பிடித்துக் கிழித்தால் வழுக்காது. பிழியும்போது அடியிலிருந்து மேல்நோக்கி மடித்துக்கொண்டே வாருங்கள். தலைப்பைப் பிடித்து அமுக்கினால் ஐந்து கிராம் உள்ளேயே தங்கிவிடும். ஒன்பது பாக்கெட்டுக்கு அது 45 கிராம், ஒரு முழு ஜெல்லுக்கு மேல்.

ச்யூவை முதல் நாளே சிறு ஜிப் பைக்கு மாற்றலாம். ஒட்டாமலிருக்க சிறிது சோளமாவு தூவினால் போதும்.

கிழித்த துண்டைச் சாலையில் போடாதீர்கள். பல டிரையத்லான்களில் அதற்குத் தண்டனையே உண்டு.

சைக்கிள் பிரவேக்கு?

பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் பயணம். 200 கி.மீ. பிரவேக்குப் பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம். அவ்வளவு நேரமும் ஜெல்லிலேயே ஓட்டினால் ஏழாவது மணியில் தித்திப்பு என்றாலே வயிறு புரட்டும். வேகம் குறைவு என்பதால் வயிறு திட உணவை ஏற்கும். இட்லி, தயிர்ச்சோறு, வாழைப்பழம் என்று உப்பும் புளிப்பும் கலந்து சாப்பிட்டு, ஜெல்லை இரண்டு இடங்களுக்கு ஒதுக்குங்கள்: எதிர்காற்றில் தனியாக மிதிக்க வேண்டிய பகுதிக்கும், கடை எதுவும் திறந்திருக்காத இரவுப் பகுதிக்கும். ச்யூ இங்கே மிக வசதி, ஒரு கையால் எடுத்து வாயில் போடலாம். கை ஹேண்டில்பாரை விட்டு விலகும் நேரமும் குறைவு.

வாழைப்பழம், பேரீச்சை, கருப்பட்டி, கடலைமிட்டாய் போதாதா?

பெரும்பாலும் போதும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமுக்கு மேல் கார்ப் இருக்கிறது, ஒரு ஜெல்லுக்குச் சமம். ஏலக்கி போன்ற சிறு பழம் என்றால் இரண்டு. சாதாரணப் பேரீச்சை ஒன்றில் 5, 6 கிராம். ஆனால் நார்ச்சத்து உண்டு, நாலைந்துக்கு மேல் வேண்டாம். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ஆகவே இரண்டு வாசலும் திறக்கும். 20 கிராம் துண்டு ஒரு சிறு ஜெல்லுக்கு ஈடு. தேன் ஒரு மேசைக்கரண்டி 17 கிராம் கார்ப், அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கிட்டத்தட்டச் சமம்.

கடலைமிட்டாய் வேறு கதை. அதில் பாதி நிலக்கடலை. கொழுப்பும் புரதமும் செரிக்க நேரம் எடுக்கும். பிரவேயில் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட அருமை. மாரத்தான் வேகத்தில் வயிற்றில் கல்லாய்க் கிடக்கும். கடைகளில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர் ஒரே வாசல்காரன், மணிக்கு 60 கிராமைத் தாண்டாதீர்கள்.

வீட்டிலேயே ஜெல் செய்ய முடியுமா?

முடியும். சர்க்கரை 120 கிராம், மால்டோடெக்ஸ்ட்ரின் 60 கிராம், தண்ணீர் 120 மி.லி., உப்பு 1 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. சர்க்கரை பாதிப்பாதியாக உடைவதால் குளுக்கோஸ் 120, ஃபிரக்டோஸ் 60 என்று 2:1 தானாகவே வந்துவிடும். தண்ணீரைச் சூடாக்கி முதலில் சர்க்கரையை முழுக்கக் கரையுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு மால்டோடெக்ஸ்ட்ரினைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கொதிக்கவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் பாகு இறுகி, ஆறியபின் சர்க்கரை படிகமாகும். ஆறியதும் உப்பும் எலுமிச்சையும்.

கிடைப்பது சுமார் 300 கிராம் பாகு, அதில் கார்ப் 180. 50 கிராமுக்கு 30. 150 மி.லி. சாஃப்ட் ஃபிளாஸ்க்கில் (பிழிந்து குடிக்கும் மென்மையான குப்பி) 110 கிராமுக்கு மேல் கார்ப் அடங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கின் கடிவாயை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் பிரித்துக் கழுவ வேண்டும், பூஞ்சை பிடிப்பது அங்கேதான்.

ச்யூ சைவமா?

எல்லாம் அல்ல. சிலவற்றில் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலட்டின் இருக்கும். சிலவற்றில் பழத்திலிருந்து எடுத்த பெக்டின். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். வெளிநாட்டிலிருந்து யாரேனும் வாங்கி வந்த பாக்கெட்டில் இந்தக் குறி இருக்காது, பொருள்பட்டியலைப் படித்தே ஆக வேண்டும்.

வெயிலில் உருகுமா?

ச்யூ இளகி ஒன்றோடொன்று ஒட்டும், கெட்டுப்போகாது. வெயிலில் நிறுத்திய காரில் நாள்கணக்காக விட்ட ஜெல்லை எடுக்காதீர்கள். லடாக் போன்ற குளிரில் நேர் எதிர்: ச்யூ பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகும், ஜெல் பிதுங்காது. சட்டைக்கு உள்ளே உடம்போடு ஒட்டி வையுங்கள்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

பாக்கெட் விலையை கார்ப் கிராமால் வகுங்கள். உதாரணமாக, 120 ரூபாய்க்கு 22 கிராம் என்றால் கிராமுக்கு 5 ரூபாய் 45 காசு. 150 ரூபாய்க்கு 40 கிராம் என்றால் 3 ரூபாய் 75 காசு. விலை கூடியதாகத் தெரிவதே மலிவு. யுனிவெட், ஃபாஸ்ட் அண்ட் அப் போன்ற இந்தியத் தயாரிப்புகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல்முறை பெட்டியாக வாங்காமல் ஒவ்வொன்றாக மூன்று நான்கு வகை வாங்கிச் சோதியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர் எடுக்கலாமா?

மருத்துவரோடு பேசிய பிறகே. குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஜெல் எதிரியல்ல, சில நேரம் அவசியமே. ஆனால் எவ்வளவு, எப்போது என்பது அவரவர் மருந்தையும் அளவீட்டையும் பொறுத்தது. வேறொருவரின் அட்டவணையைப் பின்பற்றக் கூடாது.

பல் கெடுமா?

கெடலாம், ச்யூ இன்னும் அதிகம். கடைசி வாய்த் தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்குங்கள்.

குமட்டல் வந்துவிட்டால் என்ன செய்வது?

வேகத்தைக் குறையுங்கள், தேவையானால் ஐந்து நிமிடம் நடங்கள். குடலுக்கு இரத்தம் திரும்பினால்தான் உள்ளே இருப்பது நகரும். அந்த நேரத்து ஜெல்லை விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரைச் சிறு சிறு வாயாக. தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள், சூடு தணிந்தால் வயிறும் தணியும். சரியானதும் பாதி ஜெல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, தலைவலியோடு குழப்பம் வந்தாலோ, மருத்துவக் கூடாரத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு ஜெல்லைத் தவறவிட்டேன், அல்லது பெல்ட்டிலிருந்து விழுந்துவிட்டது. அடுத்த முறை இரண்டாக எடுக்கலாமா?

கூடாது. 50 கிராமை ஒரேயடியாக இறக்கினால் விட்டுப்போன ஆற்றல் திரும்ப வராது, தேக்கம்தான் வரும். ஞாபகம் வந்ததும், அடுத்த நீர் நிலையத்தில் ஒன்றை எடுங்கள். அதன் பிறகு 30 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிட இடைவெளியில் அடுத்த இரண்டு மூன்றை எடுத்தால் கணக்கு மெல்ல ஈடாகிவிடும். கையில் ஜெல்லே மிஞ்சவில்லை என்றால் நிலையத்தில் தரும் வாழைப்பழத்தில் பாதி, தண்ணீரோடு. அதுவும் இல்லையென்றால் அங்குள்ள இனிப்புப் பானத்தை ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கோப்பை.